காடு விற்ற காலத்துக் கணக்கர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஈழத்து மலைநாட்டு வரலாறு, பெரும்பாலும் காணி வாங்கினோர் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தேசாதிபதிகள், தோட்டத்துரைமார், வங்கி முதலாளிகள் ஆகியோர் பெயர்கள் அங்கே நிறைந்துள்ளன. அவர்களிடையே, விற்கப்பட்ட காட்டில் என்னென்ன செடிகொடிகள் இருந்தன என்று கணக்கெழுதி வைத்த ஒருவரும் இருந்தார். பேராதனைத் தாவரவியற் பூங்காவை 31 ஆண்டுகள் நடத்திய ஜோர்ஜ் ஹென்றி கென்றிக் துவெயிற்ஸ் என்பாரே அவர். தாவர நூலார் அவரை நன்கு அறிவர். தமிழ் கற்போரும் அவரை அறிதல் நன்று என்பது என் கருத்து.

துவெயிற்ஸ் 1812 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரிற் பிறந்தார். இளமையிற் கணக்கராகத் தொழில் பார்த்தார். ஓய்வு நேரமெல்லாம் நுணுக்குக்காட்டியின் முன் கழிந்தது. கண்ணுக்குப் புலனாகாத நீர்ப்பாசிகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்து, அறிஞர் மதிப்பைப் பெற்றார். பேராதனைப் பூங்காவின் அத்தியட்சராக இருந்த ஜோர்ஜ் கார்டினர் 1849 இல் நுவரெலியாவிற் காலமாகவே, அவ்விடத்துக்குத் துவெயிற்ஸ் அனுப்பப்பட்டார். 1857 இல் அப்பதவி பணிப்பாளர் என்னும் பெயர் பெற்றது.

அவர் வந்திறங்கிய காலம் எத்தகையது? 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்று விதித்திருந்தது. உறுதியும் ஓலையுமின்றி, வழிவழியாகச் சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் வாழ்ந்த கண்டிக் கிராமத்தவர், தம் காடு தமதென்று காட்டுவது எங்ஙனம்? அரசு அக்காட்டை ஏக்கர் 5 சிலிங் வீதம் விற்றது. 1844 இல் அவ்விலை 20 சிலிங்காக உயர்ந்தது. நிலத்தை விற்ற அரசின் உயர் அலுவலர் பலரே அதனை வாங்கினோராகவும் இருந்தனர். வாங்கிய காட்டை வெட்டி வீழ்த்தி, உலரவிட்டு, தீயிட்டு, சாம்பல் ஆறியதும் கோப்பி நட்டனர். மரம் வெட்டும் வேலையைப் பெரும்பாலும் அயற்கிராமத்துச் சிங்கள மக்கள் கூலிக்குச் செய்தனர். களை பிடுங்குதலும் பழம் பறித்தலும், மன்னார்க் கரையிலிறங்கி வன்னிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் தலையில் விழுந்தன. அந்நெடுவழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் மிகப் பலர்.

இத்தீ எரிந்துகொண்டிருக்கும்போதே துவெயிற்ஸ் தம் கணக்கைத் தொடங்கினார். மலைமலையாகச் செடிகளைத் திரட்டி, உலர்த்தி, எண்ணிட்டு, ஐரோப்பியத் தாவரக் களஞ்சியங்களுக்கு அனுப்பினார். அவ்வெண்கள் ஏறத்தாழ 4,000 வரை சென்றன. ஹர்மானிஸ் டி அல்விஸ் என்னும் சிங்கள ஓவியர் பூங்காவிலிருந்து செடிகளின் உருவங்களை வரைந்தார். கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கர் துணைநிற்க, இலங்கைத் தாவரங்களின் அட்டவணையாகிய அவருடைய இலத்தீன் நூல் 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1865 இல் இலண்டன் றோயல் கழகம் அவரை அங்கத்தவராக ஏற்றது.

பண்டித வகுப்பிலே குறிஞ்சிப்பாட்டைக் கற்பிக்கும் போதெல்லாம் எனக்கு இந்நூலின் நினைவு எழுவதுண்டு. கபிலர் அப்பாட்டில் 99 மலர்களைப் பெயர்சொல்லி அடுக்கினார். அவற்றுட் சில இன்னவென்று துணிய இயலாமல் இன்று உரைகாண்போர் இடர்ப்படுகின்றனர். பெயர் எஞ்சிப் பொருள் மறைந்தமை அங்கு நேர்ந்த இழப்பு. ஈழத்து மலைகளிலோ பெயரிடுமுன்பே பொருள் எரிந்துபோகும் நிலை இருந்தது. அந்நிலையில் ஒருவர் பெயரையும் இலையையும் பூவையும் ஒருங்கே காத்து வைத்தார். ஏட்டுச் சுவடியைத் தேடி எடுத்து 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய நம் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் பணிக்கு இஃது உறவுடையது என்பேன். குறையும் உண்டு. அவர் அனுப்பிய செடிகள் பலவற்றில், இன்ன இடத்திற் கண்டது என்னும் குறிப்புச் சரிவர இல்லை. ஒரே எண்ணின்கீழ் வெவ்வேறு இடத்துச் செடிகள் சேர்ந்தும் உள்ளன. பின்வந்தோர் இதனால் இடர்ப்பட்டனர்.

1869 இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியிற் செம்மஞ்சட் பொடி தோன்றியது. துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்கிலி என்னும் அறிஞர், அது முன்னர் அறியப்படாத ஒரு பங்கசு எனக் கண்டு பெயரிட்டார். நோயின் கொடுமையைத் தொடக்கத்திலேயே உணர்ந்தோருள் துவெயிற்ஸும் ஒருவர். எனினும் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியான காலம் அது. விளைவு குறையக் குறைய உலகச் சந்தையில் விலை ஏறியமையால், துரைமார் இழப்பை உணரவில்லை. மேலும் காடு வாங்கி மேலும் நட்டனர். 1878 அளவிற் கோப்பி நிலம் சுமார் 2,75,000 ஏக்கராகியது. ஒரே பயிர் இடைவெளியின்றிப் பரந்து கிடந்தமையால், பங்கசு மலையிலிருந்து மலைக்கு எளிதிற் பரவியது. சில ஆண்டுகளிற் கோப்பித் தொழில் சரிந்தது. 1884 இல் ஓரியன்றல் வங்கியும் வீழ்ந்தது. கூலி நிலுவை பெறாமலே ஊர்திரும்பிய தொழிலாளரின் கணக்கை எழுதுவார் இலர்.

துவெயிற்ஸின் வாழ்விலே ஒரு முரண்பாடு உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. காட்டுச் செடிகளைக் கணக்கெடுத்த அதே பூங்கா, காட்டை அழித்து நடுதற்குரிய பயிர்களையும் வளர்த்துக் கொடுத்தது. 1861 இல் ஹக்கலையிற் சிங்கோனா நடப்பட்டது. 1876 இல் கியூவிலிருந்து அனுப்பப்பட்ட 1,900க்கு மேற்பட்ட றப்பர்க் கன்றுகளிற் பெரும்பாலானவை ஹெனரத்கொடையில் வேரூன்றின. அவர் அரசாங்க ஊழியர். அரசு வேண்டியது வருமானம். எனினும், கோப்பி வீழ்ந்தபோது நாட்டைத் தாங்க மாற்றுப்பயிர் கைவசம் இருந்தமைக்கும் அப்பூங்காவே ஒரு காரணம்.

காட்டழிவு மழையையும் ஆற்றையும் கெடுக்கும் என்னும் எண்ணம் அக்காலத்து அறிஞரிடையே வலுப்பெற்றது. ஹூக்கர் குடியேற்ற நாட்டு அமைச்சை வற்புறுத்த, 1873 இல், கிறெகரி தேசாதிபதியாக இருந்தபோது, 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. இலண்டனிலிருந்த ஹூக்கர் ஈழத்துக் காட்டின் அருமையை அறிந்தது, பேராதனை அனுப்பிய செடிகளாலும் கடிதங்களாலுமே என்று கருதுவது பொருந்தும். அந்தத் தடையின் பயனாக எஞ்சிய ஹோட்டன் சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாயிற்று. 2010 இல் மத்திய மலைநாட்டுக் காடுகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் அவ்வுயர்நிலமே ஊற்றுக்கண். குறிஞ்சியின் இனமான நெலுச் செடிகள் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பதும் அங்கேதான்.

துவெயிற்ஸ் 1880 இல் ஓய்வுபெற்றார். தாயகம் திரும்பாமல் கண்டியிலேயே தங்கி, 1882 செப்ரெம்பரில் அங்கேயே மறைந்தார். அவருக்குப் பின்வந்த ஹென்றி றைமன், அவருடைய அட்டவணையை அடிப்படையாகக் கொண்டே இலங்கைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை எழுதினார்.

இவ்வாழ்விலிருந்து நம் மாணவர் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. விற்பவன் காட்டை ஏக்கராலும் சிலிங்காலும் அளந்தான். அந்த அளவுக்கு எதிராக, காட்டை அதன் உயிர்களின் பெயராலே அளந்து வைத்த ஒரு நூல் இருந்தமையால், காக்க வேண்டியது இன்னதென்று சுட்டிக்காட்ட முடிந்தது. நம் ஊர் மரங்களுக்கும் மூலிகைகளுக்கும் உள்ள தமிழ்ப் பெயர்கள் முதியோர் நாவிலே மட்டும் நிலவுகின்றன. அவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு, செடியோடு ஒப்புநோக்கி, கண்ட இடத்தையும் தவறாது குறித்து வைத்தல் மாணவர் கடன்.