காட்டெருமையைக் காத்த வேட்டைக்காரர்

காட்டெருமைகளைச் சுட்டு வீழ்த்தியவர் அவர். அதே காட்டெருமை இனம் பூண்டோடு அழிந்து போகாமல் காத்தவரும் அவரே!

அவர் பெயர் வில்லியம் ஹார்னடே. அமெரிக்கர். நமது ஆனைமலைக் காடுகளிலும் சுற்றித் திரிந்தவர்.

ஹார்னடே 1854-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். உழவர் குடும்பம். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் இறந்து விட்டார்கள்.

கல்லூரியில் படிக்கும்போது, இறந்த விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலைக் கற்றார். பொருட்காட்சி சாலைகளுக்கு விலங்குகளைப் பாடம் செய்து அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஆனைமலையில்

அந்த நிறுவனம் 1877-ம் ஆண்டு அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் ஆனைமலையில் முகாம் போட்டு, யானைகளையும் காட்டெருமைகளையும் வேட்டையாடினார். காட்டை அறிந்த மலைவாழ் மக்கள் அவருக்கு வழி காட்டினார்கள்.

நம் நாட்டுக் காட்டெருமையைச் சங்க காலத் தமிழர் "ஆமா" என்று அழைத்தனர். பெயரில் எருமை இருந்தாலும், அது மாட்டுக்கு நெருங்கிய உறவு. அமெரிக்கக் காட்டெருமை வேறு வகை. அதன் பெயர் பைசன்.

மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டிச் செல்லும் வையம்பட்டி உழவர் பைசனைப் பார்த்தால் திகைத்துப் போவார். தோள் உயரமே 6 அடி. எடை 900 கிலோ வரை இருக்கும். தோளின் மேல் பெரிய திமில். தலையிலும் கழுத்திலும் அடர்ந்த சடை. பனி மூடிய தரையில் தலையால் பனியைத் தள்ளி, அடியில் உள்ள புல்லை மேயும்.

கோடி எங்கே?

அமெரிக்கச் சமவெளிகளில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கான பைசன்கள் இருந்தன. ரயில் பாதை வந்தது. துப்பாக்கிக்காரர்களும் வந்தார்கள். தோலுக்கு நல்ல விலை. தொழிற்சாலை இயந்திரங்களுக்கு வார் செய்யவும் அந்தத் தோல் பயன்பட்டது. தோலை உரித்துக் கொண்டு, இறைச்சியை அழுக விட்டுச் சென்றார்கள். பைசனை நம்பி வாழ்ந்த பூர்வகுடி மக்கள் பட்டினி கிடந்தார்கள்.

1886-ம் ஆண்டு ஹார்னடே வாஷிங்டன் தேசியப் பொருட்காட்சி சாலையில் பாடம் செய்யும் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். அங்கே நல்ல பைசன் உருவம் ஒன்று கூட இல்லை. இனமே அழியும் முன் சிலவற்றையாவது பாடம் செய்து வைக்க எண்ணி, மான்டானா மாநிலத்துக்குச் சென்றார். மந்தைகளைக் காணோம். வழியெங்கும் எலும்புகளே கிடந்தன!

ஹார்னடேயின் குழு இருபதுக்கு மேற்பட்ட பைசன்களைச் சுட்டது. அழியப் போகும் இனத்தில் எஞ்சியிருந்தவற்றையே சுட்டது பெரிய முரண்பாடுதான்.

கன்று ஒன்று உயிருடன் கிடைத்தது. அதை வாஷிங்டனுக்குக் கொண்டு வந்தார். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். சில வாரங்களில் அதுவும் இறந்து விட்டது.

அந்தக் கன்று உள்பட 6 பைசன்களைப் பாடம் செய்து, 1888-ம் ஆண்டு கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தினார்.

மனம் மாறியது

தோலைக் காப்பாற்றினால் போதாது, உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஹார்னடே உணர்ந்தார். 1889-ம் ஆண்டு கணக்கெடுத்தார். எஞ்சியிருந்தவை 1,091 மட்டுமே. அதை நூலாக எழுதி நாட்டுக்கு அறிவித்தார்.

1896-ம் ஆண்டு நியூயார்க் மிருகக்காட்சி சாலைக்கு இயக்குனர் ஆனார். அங்கே பைசன் மந்தை ஒன்றை வளர்த்தார். 1905-ம் ஆண்டு அமெரிக்க பைசன் சங்கம் பிறந்தது. ஹார்னடே அதன் தலைவர். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கவுரவத் தலைவர்.

1907-ம் ஆண்டு 15 பைசன்கள் ரயில் ஏறின. ஓக்லஹாமா மாநிலத்தில், வேலியிட்டுக் காக்கப்பட்ட காட்டில் அவை விடப்பட்டன. மந்தை பெருகியது.

அவர் வாழ்வில் பெரும் களங்கமும் உண்டு. 1906-ம் ஆண்டு, ஓட்டா பெங்கா என்ற காங்கோ நாட்டு இளைஞரைக் குரங்குக் கூடத்தில் காட்சிக்கு வைக்கச் சம்மதித்தார். கறுப்பினப் பாதிரிமார்கள் கண்டனம் செய்த பிறகே அந்தக் கொடுமை நின்றது. விலங்கிடம் இரக்கம் காட்டியவர் மனிதரிடம் அதைக் காட்டத் தவறினார்.

ஹார்னடே 1937-ம் ஆண்டு மார்ச் 6-ந்தேதி காலமானார்.

பெட்டிக்குள் கடிதம்

20 ஆண்டுகள் கழிந்தன. 1957-ம் ஆண்டு, வாஷிங்டனில் இருந்த அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பிரித்தார்கள். அடியில் ஓர் உலோகப் பெட்டி! உள்ளே ஹார்னடே எழுதிய கடிதம். தாம் மண்ணோடு மண்ணான பிறகும் இந்த விலங்குகளைச் சிதைய விடாமல் காக்கும்படி, பின்னால் வருவோரை அதில் வேண்டியிருந்தார்.

அந்த 6 பைசன்களும் பின்னர் பழுது பார்க்கப்பட்டு, மான்டானாவில் உள்ள போர்ட் பென்டன் பொருட்காட்சி சாலைக்கு வந்து சேர்ந்தன. தாங்கள் மேய்ந்த மாநிலத்துக்கே திரும்பி விட்டன!

இன்று அமெரிக்காவில் பைசன்கள் லட்சக்கணக்கில் உள்ளன. 2016-ம் ஆண்டு பைசன் அந்நாட்டின் தேசியப் பாலூட்டியாக அறிவிக்கப்பட்டது.

ஹார்னடே துப்பாக்கியோடு அலைந்த ஆனைமலை இன்று புலிகள் காப்பகம். நம் காட்டெருமையை வேட்டையாடுவதை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. பொருட்காட்சி சாலையில் மட்டுமல்ல, ஆனைமலைக் காட்டிலும் அதை நம் குழந்தைகள் உயிரோடு பார்க்கலாம்.