ஆன்டன் செக்கோவ்

ஆன்டன் பாவ்லோவிச் செக்கோவ் (ஜனவரி 29, 1860 – ஜூலை 15, 1904) ரஷ்யச் சிறுகதை எழுத்தாளரும் நாடகாசிரியரும் மருத்துவரும் ஆவார். தாகன்ரோக் நகரில் மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பாட்டனார் பண்ணையடிமையாக இருந்து விடுதலையை விலைகொடுத்துப் பெற்றவர். 1879 இல் மாஸ்கோவில் மருத்துவம் பயிலத் தொடங்கிய செக்கோவ், குடும்பச் செலவுக்காக நகைச்சுவை இதழ்களில் எழுதினார்.

கதைமாந்தரின் மனநிலையை ஆசிரியர் விவரிப்பதைத் தவிர்த்து, அவர்களின் செயல்களிலிருந்தே அது விளங்கச் செய்ய வேண்டும் என்று 1886 இல் அண்ணன் அலெக்சாந்தருக்குக் கடிதம் எழுதினார். இம்முறையை 1883 இல் வெளிவந்த 'ஓர் எழுத்தரின் மரணம்' கதையிலேயே காணலாம். அரங்கில் தும்மிவிட்ட எழுத்தர், முன்னால் அமர்ந்திருந்த உயரதிகாரியிடம் மீண்டும் மீண்டும் மன்னிப்புக் கேட்கிறார். அதிகாரி பொறுமையிழந்து விரட்டவே, வீடு திரும்பிச் சீருடையைக்கூடக் களையாமல் படுத்து இறக்கிறார். அவரது அடிமை மனத்தை விளக்கும் பத்தி எதுவும் கதையில் இல்லை. அடிமையின் பேரனுக்கு அது தேவைப்படவில்லை போலும்.

'செர்ரித் தோட்டம்' (1904) நாடகத்தில், வார்யாவை மணக்கக் கேட்பதாக ஒப்புக்கொண்ட லொப்பாகின், குளிரைப் பற்றிப் பேசிவிட்டு வெளியேறுகிறார். அவள் துணிமூட்டையில் தலைசாய்த்து அழுகிறாள். காதலைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

அந்நாடகம் அரங்கேறிய சில மாதங்களில், காசநோயால் ஜெர்மனியின் பாடன்வைலரில் செக்கோவ் காலமானார்.