இரும்பை உடைத்தே பெயர் வாங்கியவர்!

போன இதழில் எடிசனைப் பற்றி 9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு எழுதியிருந்தாங்க. அதற்கு முன்னாடி ஐன்ஸ்டீன். இந்த முறை எங்க பிரிவு. ஏதாவது புதிதாகக் கண்டுபிடித்தவரைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறோம், உடைத்தவரைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறோமா? நான் எழுதப் போகிறேன். அவர் பெயர் டேவிட் கிர்கால்டி. ஸ்காட்லாந்துக்காரர். பொறியியல் படித்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். நமக்குத்தான் தெரியாது.

எனக்கு அவரைத் தெரிந்ததே எங்க சித்தப்பாவால்தான். சித்தப்பா கட்டட மேஸ்திரி. காலாண்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, காங்கிரீட் கட்டி மூன்றை பாலிடெக்னிக் லேபுக்குக் கொண்டு போனார். நானும் வருவேன் என்று அடம் பிடித்து வண்டியில் ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு கட்டியும் 15 சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம். தூண் போட்ட அன்றைக்கே அதே கலவையில் அச்சில் ஊற்றி, 28 நாள் தண்ணீருக்குள் ஊற வைத்தது. லேபில் அதை ஒரு இயந்திரத்துக்குள் வைத்து அமுக்கினாங்க. முள் நகர்ந்துகொண்டே போச்சு. திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டியின் பக்கங்கள் உதிர்ந்து, நடுவில் இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி நின்றது.

குறைந்தது 45 டன் தாங்க வேண்டிய கட்டி. 31 டன்னில் உடைந்துவிட்டது. அடுத்த இரண்டும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அது பிறகு வருகிறது, முதலில் கிர்கால்டி கதை. அந்த லேபில் இருந்த அண்ணாதான், இப்படி உடைத்துப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர் ஒருவர் உண்டு என்று அவர் பெயரைச் சொன்னார். மற்றதெல்லாம் நான் தேடிப் படித்தது.

கிர்கால்டி 1820-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். டண்டி என்ற பெயரை மறக்காதீங்க, பின்னால் மறுபடியும் வரும். அப்பா வியாபாரி. மகனும் தன் அலுவலகத்தில் கணக்கு எழுத வேண்டும் என்று நினைத்தார். பையனுக்கு அது பிடிக்கவே இல்லை. 1843-இல் கிளாஸ்கோ நகரத்தில் ராபர்ட் நேப்பியர் என்பவரின் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அப்போது வயது 23. நேப்பியர் பெரிய பெரிய நீராவிக் கப்பல்களைக் கட்டியவர். பல்கலைக்கழகம் வரை போன பையன் நாலு வருடம் பட்டறையில் கரியும் எண்ணெயுமாக வேலை பார்த்தார். அதன் பிறகுதான் வரைபடப் பிரிவுக்குப் போனார், அங்கே தலைமை வரைவாளர் ஆனார். அவர் படம் எவ்வளவு அழகு தெரியுமா? பெர்சியா என்ற கப்பலுக்கு அவர் வரைந்த பொறியியல் வரைபடத்தை 1861-இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தார்கள். ஓவியர்களின் படங்கள் தொங்கும் இடத்தில் ஒரு கப்பலின் வரைபடம்!

ஆனால் அவரைப் பெரிய ஆளாக்கியது படம் இல்லை.

அந்தக் காலத்தில் கொதிகலன்களில் நீராவி அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. தேனிரும்புக்குப் பதிலாகப் புதிய எஃகைப் போடலாமா என்ற கேள்வி வந்தது. எந்தக் கம்பெனி இரும்பு நல்லது? விற்கிறவர் எல்லோரும் எங்க இரும்புதான் நல்லது என்றுதான் சொல்வார்கள். நம்ம ஊர் கடைத்தெரு மாதிரிதான். நேப்பியர் இந்தக் கேள்வியைக் கிர்கால்டியிடம் கொடுத்தார். 1858 முதல் 1861 வரை அவர் இரும்புத் துண்டுகளையும் எஃகுத் துண்டுகளையும் நெம்புகோலில் எடை தொங்கவிட்டு இழுத்து இழுத்து அறுத்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கில்! ஒவ்வொன்றும் எத்தனை எடையில் அறுந்தது என்பதோடு நிற்கவில்லை. அறுவதற்கு முன் எவ்வளவு நீண்டது, அறுந்த இடத்தில் கழுத்து எவ்வளவு சிறுத்தது, உடைந்த முகம் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் எழுதி வைத்தார். 1862-இல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு கண்டுபிடிப்பைச் சொல்கிறேன். உடைந்த தேனிரும்பு உள்ளே நார் நாராக இருந்தால் நல்ல இரும்பு, கல்கண்டு மாதிரி பளபளவென்று மணி மணியாக இருந்தால் மட்ட இரும்பு என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிர்கால்டி அதே இரும்பை இரண்டு விதமாக உடைத்துப் பார்த்தார். மெதுவாக இழுத்தால் நார் நாராக வந்தது. வெடுக்கென்று உடைத்தால் மணி மணியாக வந்தது. இரும்பு ஒன்றுதான், உடைத்த விதம்தான் வேறு! சந்தேகம் இருந்தால் திருவிழாவில் ஜவ்வு மிட்டாய் வாங்கிப் பாருங்க. மெல்ல இழுத்தால் நூலாக நீளும், வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று அறும். இன்னொன்றும் சொன்னார்: எத்தனை டன் தாங்கியது என்பதை மட்டும் வைத்து இரும்பை மதிப்பிடக் கூடாது, உடையும் முன் அது எவ்வளவு நெகிழ்ந்து கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறையத் தாங்கி, சொல்லாமல் கொள்ளாமல் உடைகிற இரும்பு ஆபத்தானது. இன்றைக்கும் கம்பியைச் சோதிக்கும்போது எவ்வளவு சதவீதம் நீள்கிறது என்று பார்க்கிறார்கள்.

1861-இல் நேப்பியர் வேலையை விட்டார். நாற்பது வயதுக்கு மேல், நல்ல வேலையை விட்டுவிட்டு, என்ன செய்தார் தெரியுமா? தன் சொந்த யோசனையில் ஒரு ராட்சச இயந்திரத்தை வரைந்தார். லீட்ஸ் நகரத்தில் கிரீன்வுட் அண்ட் பாட்லி என்ற கம்பெனியிடம் செய்யக் கொடுத்தார். செய்து முடிக்கப் பதினைந்து மாதம் ஆனது. நீளம் 47 அடிக்கும் மேல். நம்ம வகுப்பறை இரண்டை ஒட்டி வைத்தாலும் உள்ளே அடங்காது! எடை 116 டன். அதன் இழுவிசை பத்து லட்சம் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 டன். சித்தப்பா கட்டிக்குத் தேவைப்பட்டது 45 டன்தான், இது அதைப் போலப் பத்து மடங்கு.

இயங்குவது எப்படி என்றால், ஒரு முனையில் நீரியல் அழுத்தி. நாம் பாய்மங்கள் பாடத்தில் படித்த அதே பாஸ்கல் விதிதான். சோதிக்க வேண்டிய துண்டை நடுவில் மாட்டுவார்கள். தண்ணீரின் அழுத்தம் ஒரு பக்கம் இழுக்கும். மறு பக்கத்தில் நெம்புகோல்கள் அந்த விசையைக் குறைத்துக் குறைத்து ஒரு தராசுக்கோலுக்குக் கொண்டு வரும். கோலின் மேல் ஒரு எடைக்கல்லை நகர்த்தி நகர்த்திச் சமன் செய்தால் எத்தனை டன் என்று தெரிந்துவிடும். பழைய விறகுக்கடைத் தராசைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இழுப்பது மட்டுமில்லை, அமுக்கலாம், வளைக்கலாம், முறுக்கலாம், எல்லாம் அந்த ஒரே இயந்திரத்தில்.

இதை லண்டனில் சதக் என்ற பகுதியில் நிறுத்தி, 1866-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று கடை திறந்தார். ஆமாம், கடைதான்! யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துத் தங்கள் இரும்பை உடைத்துக்கொள்ளலாம். 1874-இல் சதக் தெருவில் சொந்தமாகக் கட்டிய இடத்துக்கு மாறினார். வாசலுக்கு மேலே கல்லிலேயே தன் கொள்கையைச் செதுக்கி வைத்தார். அவரவர் அபிப்பிராயம் இங்கே தேவையில்லை, உண்மைதான் வேண்டும் என்று அர்த்தம் வரும். ஆள் கொஞ்சம் கறார், பிடிவாதக்காரர் என்றும் சொல்கிறார்கள். எனக்கு அது நல்லதாகத்தான் படுகிறது. யாருக்கும் முகம் கொடுக்காமல் ரிசல்ட் எழுதுகிறவர் எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க முடியுமா? ஜெர்மனியின் குரூப் எஃகும் சுவீடனின் ஃபாகெர்ஸ்டா எஃகும் அவரிடம் வந்தன. பாலங்களுக்கான இரும்பு வந்தது. உடைந்த துண்டுகளை எல்லாம் அவர் தூக்கிப் போடவில்லை. மாடியில் வரிசையாக அடுக்கி ஒரு காட்சிசாலையே வைத்திருந்தார்.

இப்போது டண்டிக்கு வருகிறேன்.

அந்த ஊரில் டே ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறக்குறைய இரண்டு மைல் நீளத்துக்கு ஒரு ரயில் பாலம் கட்டினார்கள். 1878-இல் திறந்தார்கள். கட்டிய தாமஸ் பவுச்சுக்கு அடுத்த வருடமே விக்டோரியா ராணி சர் பட்டம் கொடுத்தார். 1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு, பயங்கரமான புயல். ரயில் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது நடுவில் உயரமாக இருந்த 13 கண்களும் அப்படியே ஆற்றுக்குள் சரிந்தன. ரயிலில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 75 பேர் என்று ரொம்ப காலம் சொன்னார்கள். பெயர் உறுதியாகத் தெரிந்தவர்கள் 59 பேர்.

விசாரணை நடந்தது. உடைந்த பாலத்தின் துண்டுகள் லண்டனுக்கு, கிர்கால்டியின் இயந்திரத்துக்கு வந்தன. தான் பிறந்த ஊர்க்காரர்களைக் காவு வாங்கிய இரும்பு தன் மேசைக்கு வரும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அப்போது அவருக்கு அறுபது வயது நெருக்கம்.

பாலத்தின் தூண்கள் வார்ப்பிரும்புக் குழாய்கள். தூணுக்குத் தூண் குறுக்கே தேனிரும்புப் பட்டைகள் கட்டியிருந்தார்கள், காற்றில் சாயாமல் இருக்க. அந்தப் பட்டையைத் தூணோடு பிடித்திருப்பது தூணிலேயே வார்த்த ஒரு காது. காதில் ஒரு ஓட்டை, அதில் ஒரு போல்ட். கிர்கால்டி இரும்பைத் தனியாக இழுத்தார். நல்ல இரும்புதான். போல்ட்டை இழுத்தார். அதுவும் சரி. ஆனால் பாலத்தில் இருந்த மாதிரியே காதையும் பட்டையையும் போல்ட் போட்டு இழுத்தபோது சுமார் 20 டன்னிலேயே போய்விட்டது. எதிர்பார்த்ததோ அதைவிட மிக அதிகம். சோதித்த 14 காதுகளில் 4 வார்ப்பிலேயே குறையுள்ளவை.

நல்ல இரும்பு ஏன் தோற்றது? காதில் இருந்த ஓட்டை நேராக இல்லை, ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். வார்க்கும்போதே விட்ட ஓட்டை, துளைபோட்டு நேராக்கவில்லை. அதனால் போல்ட் முழுசாகப் பதியாமல் ஒரு விளிம்பில் மட்டும் உட்கார்ந்தது. மொத்தப் பாரமும் அந்த விளிம்பில். நம்ம புத்தகப் பையைப் பாருங்க, துணி கிழிவதில்லை, வார் தைத்த இடத்தில்தான் பிய்யும். இதோடு, வார்ப்பில் விழுந்த குழிகளைத் தேன்மெழுகு, குங்கிலியம், இரும்புத் தூள், விளக்குக்கரி கலந்து அடைத்து மறைத்த விஷயமும் விசாரணையில் வெளியே வந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் காற்றின் வேகத்தைக் கணக்கில் சேர்க்காததும் ஒரு பெரிய காரணம். பவுச் மேல்தான் முக்கியப் பழி விழுந்தது. 1880 அக்டோபரிலேயே அவர் இறந்துவிட்டார். புதிய பாலம் 1887-இல் திறந்தது. ஆற்றில் மூழ்கிய ரயில் எஞ்சினை எடுத்துப் பழுது பார்த்து மறுபடியும் ஓட்டினார்கள். அதற்கு முக்குளிப்பான் என்று பட்டப்பெயர்கூட வைத்தார்கள், பாருங்களேன்!

கிர்கால்டி 1897-இல் காலமானார். பிறகு மகன், அப்புறம் பேரன் என்று குடும்பமே அந்தத் தொழிலை நடத்தியது. 1954-இல் கடலில் விழுந்த காமெட் விமானத்தின் பாகங்கள்கூட அங்கேதான் சோதனைக்கு வந்தன. 1983-இல் அந்த இடம் அருங்காட்சியகம் ஆனது, ராட்சச இயந்திரம் போட்ட இடத்திலேயே இருக்க.

சித்தப்பா விஷயத்தைப் பாக்கி வைத்திருக்கிறேன் இல்லையா? கலவையில் தண்ணீர் கூடிப் போச்சு, காரணம் அதுதான். ஊற்றுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அன்றைக்கு ஆட்கள் இரண்டு பக்கெட் சேர்த்து விட்டிருக்காங்க. சித்தப்பா பார்த்திருக்கிறார், சும்மா இருந்துவிட்டார். இருபது வருட அனுபவம், பார்த்தாலே தெரியும் என்று நினைத்தாராம். தூணும் பார்வைக்கு நல்லாத்தான் இருந்தது. தட்டிப் பார்த்தாலும் கணீர் என்றுதான் கேட்டது. ஆனால் கட்டி சொன்னது வேறு. இரண்டு தூணையும் உடைத்து மறுபடி போட்டார்கள். அந்தக் கூலி சித்தப்பா கையை விட்டுப் போச்சு. தீபாவளிக்கு எங்க வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் சித்தப்பாவுக்குத்தான் படித்துக் காட்டினேன். பாலம் விழுந்த இடம் வரைக்கும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டை சரிவாக இருந்தது என்று படித்ததும் நிறுத்தச் சொன்னார். அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு அந்தக் காதுக்கு டிரில் போட ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் பாப்பா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு, அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு