யாவருக்கும் விளங்க எழுதிய முன்ஷி அப்துல்லாஹ்

கோலாலம்பூர் நகரில் ஜாலான் முன்ஷி அப்துல்லாஹ் என்றொரு சாலை உண்டு. பிரிக்பீல்ட்ஸ்வாசிகளாகிய நம்மில் பலர் அவ்வழியே எத்தனையோ முறை போய் வந்திருப்போம். அந்தப் பெயருக்குரிய பெரியார், நவீன மலாய் இலக்கியத்தின் தந்தையெனப் போற்றப்படுபவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால், அன்னாரின் குடும்பம் நாகூரோடு தொடர்புடையது என்பதையும், அவர் தமிழ் கற்றவர் என்பதையும் நம்மவரில் அறிந்தோர் சிலரே.

யமன் நாட்டு அரபியரான ஷெய்கு அப்துல் காதிர் நாகூருக்கு வந்து, அங்கே தமிழ்ப் பெண்மணி ஒருவரை மணந்தார். அவர்களுடைய மக்களில் ஒருவர் மலாக்காவில் குடியேறினார். அவருடைய பேரரே நம் அப்துல்லாஹ் அவர்கள். 1796-ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தார்கள்.

திருக்குர்ஆனை ஓதக் கற்றபின், தகப்பனார் அவரைத் தமிழ் வாத்தியார் ஒருவரிடம் அனுப்பினார். வணிகத்துக்கும் கணக்குக்கும் தமிழ் வேண்டியிருந்தமையால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அக்கால மலாக்காவில் வழக்கமாயிருந்தது. மலாய் மொழியையும் தகப்பனாரின் கண்டிப்பில் பிழையறக் கற்றார். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு ஓதிக்கொடுத்ததால் முன்ஷி, அதாவது ஆசிரியர், என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

இளமையிலேயே ஊராருக்குக் கடிதங்களும் பத்திரங்களும் எழுதிக் கொடுத்தார். ராஃபிள்ஸ் துரை மலாக்காவில் தங்கியிருந்தபோது அவரிடமும் எழுத்து வேலை பார்த்தார். கடிதமும் பத்திரமும் பெறுபவருக்கு விளங்காவிட்டால் வீண். அன்னாரின் தெளிவுக்கு இந்தத் தொழிலே முதல் பள்ளியாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

அக்கால மலாய் நூல்களில் பெரும்பாலானவை மன்னர் வம்சங்களையும் வீரர்களின் அற்புதங்களையும் பாடியவை. அப்துல்லாஹ் அவர்களோ தாம் கண்டதை எழுதினார். 1807-இல் மலாக்காக் கோட்டையை ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்ததையும், சிங்கப்பூர் நகராக வளர்ந்ததையும், சந்தையையும் நோயையும் பள்ளிக்கூடத்தையும் எழுதினார். கிளந்தானுக்குக் கடல்வழி சென்றதைப் பற்றிய நூல் 1838-இல் வெளிவந்தது. 1840-இல் எழுதத் தொடங்கிய தன் வரலாறான ஹிக்காயத் அப்துல்லாஹ் 1849-இல் சிங்கப்பூரில் அச்சேறியது.

நீராவிக் கப்பல் இந்நாட்டுக் கடலுக்குப் புதிதாக வந்தபோது, அதைக் கண்டறியாதவர்களுக்கு அது எப்படி ஓடுகிறது என விளக்க அவர் முனைந்தார். அவர் எழுதிய பெயர் காப்பால் ஆசாப். புகைக் கப்பல் என்பது பொருள். காப்பால் என்பது நம் கப்பலே. ஆசாப் என்பது புகை. கேட்டவுடன் குழந்தைக்கும் உருவம் தோன்றும். 1835-இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்துத் தந்ததும் அவரே.

அவர் நடை குறையற்றது என்று சொல்வதற்கில்லை. பழைய ஏடுகளின் தொடக்கச் சொற்கள் அவரிடமும் அடிக்கடி வரும். மலாய் வாக்கிய அமைப்பு சில இடங்களில் பிசகியிருப்பதாக அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். மலாய் அரசர்களைக் கடுமையாகச் சாடி, ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. இன்றளவும் அது ஓயவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் என்ன சொன்னார் என்பதில் ஐயமிருந்தால் இந்த வழக்கே எழுந்திராது. விளங்க எழுதியவரோடுதான் வாதாட முடியும். சொற்களை அடுக்கி மூடியவன் எந்தக் கேள்விக்கும் தப்பிக்கொள்வான். ஆகவே எளிய நடை என்பது சிறுபிள்ளை வேலையன்று. தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்கும் துணிவு அது. அந்தத் துணிவோடு எழுதிய அன்னார், 1854-இல் ஹஜ்ஜுக்காகப் புறப்பட்ட பயணத்தில் காலமானார்கள்.

நம் சங்கங்களின் அறிக்கைகளைச் சற்று நினைத்துப் பார்ப்போம். ஜனாஸா நிதி, மதரஸாக் கட்டணம், ஆண்டுக் கணக்கு ஆகியவை எல்லாக் குடும்பங்களையும் தொடும் செய்திகள். தமிழ்ப் பள்ளியின் ஆறாண்டுகளோடு தமிழ்ப் படிப்பு நின்றுபோன தாய்மார் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ பேர். அறிக்கையின் தமிழ் அவர்களுக்கு எட்டாவிட்டால், பொருள் கேட்க இன்னொருவரை நாட வேண்டும். அந்த இன்னொருவர் சொன்னதே அவர்களுக்குக் கணக்காகிவிடும். பிள்ளைகளோ பேச்சு மட்டும் கற்று, எழுத்தை விட்டுவிடுவார்கள்.

எனவே, எழுதுகோல் பிடிக்கும் நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சுக்கு அனுப்புமுன், எழுதியதை வீட்டிலுள்ளவர்களிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர்கள் பொருள் கேட்கிறார்களோ, அந்த இடத்தைத் திருத்துங்கள். நாகூர் வழிவந்த அப்பெரியாருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதுவே.