கண்ணொளி இழந்த யாழிசைவாணர்

யாழைத் தன் தேசியச் சின்னமாகக் கொண்ட நாடு அயர்லாந்து. அந்நாட்டு நாணயங்களிலும் யாழின் உருவமே பொறிக்கப்பட்டுள்ளது. அங்கு யாழிசையால் அழியாப் புகழ் எய்தியவர் டர்லோ ஓ கரோலன் ஆவார்.

கரோலன் 1670ஆம் ஆண்டில் மீத் மாவட்டத்தில் எளிய குடியில் பிறந்தார். தந்தையார் பிழைப்பு நாடி ராஸ்காமன் மாவட்டத்திற்குச் சென்று, மக்டெர்மட் ரோ என்னும் செல்வக் குடும்பத்தாரிடம் பணியில் அமர்ந்தார். அக்குடும்பத் தலைவியார் சிறுவரின் அறிவுக்கூர்மையைக் கண்டு கல்வி அளித்தார். பதினெட்டாம் வயதில் கரோலனைப் பெரியம்மை தாக்கியது. உயிர் பிழைத்தது, கண்ணொளி மறைந்தது. அவ்வம்மையார் அவரைக் கைவிட்டாரில்லை. யாழாசிரியர் ஒருவரிடம் பயிலச் செய்து, பின்னர்க் குதிரையும் வழித்துணைவனும் கைப்பொருளும் தந்து வழியனுப்பினார்.

அக்கால அயர்லாந்து யாழ் பித்தளைக் கம்பிகள் பூட்டப்பெற்றது. இடத்தோளில் சாய்த்து, நீண்ட விரல் நகங்களால் மீட்டப்படுவது. இளமை முதல் பயின்றார்க்கே அது நன்கு வயப்படும். காலந்தாழ்த்துப் பயின்ற கரோலன், மீட்டும் திறத்தில் முதல்வராக விளங்கவில்லை. லைட்ரிம் மாவட்டத்து நிலக்கிழார் ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்பவர் இதனை உணர்ந்து, புதிய பாடல்கள் இயற்றுமாறு தூண்டினார். அருகிலிருந்த இரு குன்றுகளின் தேவதைகள் போரிட்ட பழங்கதையைக் கரோலன் பாடலாக்கினார். அன்றே அவரது உண்மையான ஆற்றல் வெளிப்பட்டது.

அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் ஊர்தோறும் சென்றார். விருந்தளித்தோர் பெயரால் பாடல்கள் புனைந்தார். முதலில் இசையை அமைத்து, பின்னரே சொற்களைச் சேர்ப்பது அவர் வழக்கம். நாட்டு இசையோடு இத்தாலிய இசையின் நயங்களையும் இணைத்தார். 1738ஆம் ஆண்டில், தம்மை ஆதரித்த அம்மையாரின் இல்லத்திலேயே உயிர் நீத்தார்.

அவர் இசையுள் சிலவே அச்சேறியிருந்தன. பெரும்பகுதி பிறர் நினைவிலேயே வாழ்ந்தது. பழைய யாழ்வாணரோ நாளுக்கு நாள் அருகினர். இந்நிலையில் 1792ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் யாழிசை விழா கூடியது. அயர்லாந்து யாழ்வாணர் பதின்மரே வந்தனர். அவருள் பலர் முதியோர். பத்தொன்பது வயதினரான எட்வர்ட் பண்டிங் அவர்கள் மீட்டியவற்றைக் குறித்துக்கொண்டார். இத்தகையோர் முயற்சியால் கரோலனின் இருநூற்றுக்கு மேற்பட்ட இசையமைப்புகள் நமக்குக் கிடைத்துள்ளன. இன்று அவை யாழில் மட்டுமன்றி வயலினிலும் குழலிலும் துருத்திக் குழலிலும் ஒலிக்கின்றன.

ஒரு வாயில் அடைபட்டபோது மறு வாயிலைத் தேடித் திறந்தவர் கரோலன். அவர் படைத்த செல்வத்தைப் பேணிக் காத்தோரும் நம் போற்றுதற்கு உரியோரே.