ஐதர் அலியின் திண்டுக்கல் ஆண்டுகள்: படைநடத்தலும் தொழில் நிருவாகமும்

ஆய்வுச் சுருக்கம்

போர் உத்திகளைத் தொழில் நிருவாகத்திற்குப் பொருத்திக் காட்டும் நூல்கள் இன்று பெருகியுள்ளன. அவை பெரும்பாலும் வெற்றிபெற்ற போர்களையே சான்றாகக் கொள்கின்றன. ஐதர் அலி 1755 முதல் திண்டுக்கல்லில் படையொன்றை உருவாக்கிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. அவரது வலிமை ஊதியம், படைக்கலம், கணக்கு ஆகியவற்றின் ஒழுங்கில் வேரூன்றியிருந்தது என்பதும், அவ்வொழுங்கிலிருந்த குறையே அவரை வீழ்ச்சியின் விளிம்புக்குக் கொண்டுசென்றது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: ஐதர் அலி, திண்டுக்கல், படை, ஊதியம், கணக்கு, நம்பகம்

முன்னுரை

வலியறிதல், தெரிந்து வினையாடல், படைமாட்சி ஆகிய அதிகாரங்கள் திருக்குறளின் பொருட்பாலில் ஒருசேர இடம்பெறுகின்றன. ஆதலின் படையியலையும் நிருவாகத்தையும் இணைத்து நோக்குவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. ஐதரின் வாழ்வுக்குரிய சான்றுகளுள் மார்க் வில்க்ஸ் எழுதிய மைசூர் வரலாறும், கிர்மானியின் பாரசீக நூலும் குறிப்பிடத்தக்கன. வில்க்ஸ் மைசூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்தவர். எனவே ஐதர்மீது அவர் சுமத்தும் குற்றங்களை எச்சரிக்கையுடன் கொள்ளல் வேண்டும்.

தொடக்க வாழ்வு

ஐதர் 1720ஆம் ஆண்டையொட்டிக் கோலார்ப் பகுதியிலுள்ள பூதிக்கோட்டையில் பிறந்தார். தந்தை போரில் மாண்டபின் குடும்பம் வறுமையுற்றது. ஐதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் எண்களையும் முகங்களையும் மறவாத நினைவாற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய துணிவால் மைசூரின் அமைச்சர் நஞ்சராசரின் கவனத்தைப் பெற்றார். பின்னர்த் திருச்சிராப்பள்ளி முற்றுகையில் பங்கேற்று, ஐரோப்பியப் படைகளின் பயிற்சியையும் துப்பாக்கிப் போர்முறையையும் அருகிலிருந்து கண்டார்.

திண்டுக்கல்லில் கட்டமைப்பு

1755இல் ஐதர் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக நியமிக்கப்பட்டார். பழநி மலைத்தொடருக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட இச்சமவெளி, மதுரையையும் கொங்குநாட்டையும் இணைக்கும் வழியாகும். மதுரை நாயக்கர் காலத்து மலைக்கோட்டை அதன் நடுவே காவலாக நின்றது. சுற்றிலுமிருந்த பாளையக்காரர்கள் மைசூருக்கு முறையாகத் திறை செலுத்தவில்லை. அவர்களை அடக்கித் திறை பெறுவதே ஐதருக்கு இடப்பட்ட பணி.

அவர் செய்தவற்றுள் மூன்று நம் நோக்கிற்கு உரியவை. முதலாவது, பிரெஞ்சு வல்லுநர்களின் துணையுடன் படைக்கலச் சாலை ஒன்றை நிறுவியமை. பிறரிடமிருந்து ஆயுதம் வாங்கும் நிலையை மாற்றி, அதனை ஆக்கும் திறனையே அவர் தம்மிடம் கொணர்ந்தார். இரண்டாவது, கணக்கு ஒழுங்கு. எழுத்தறியாக் குறையை நிரப்பக் காண்டே ராவ் என்னும் தேர்ந்த கணக்கரைத் துணைக்கொண்டார். அரசவையில் ஐதரின் நலன் காக்கும் பொறுப்பையும் அவரே ஏற்றார். மூன்றாவது, ஊக்கத்தொகை. கொள்ளைப் பொருளில் ஒரு பங்கு அதனைக் கொணர்ந்தவனுக்கும் மறு பங்கு தலைவனுக்கும் எனப் பகுக்கப்பட்டது.

இதே காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படை நிலுவை ஊதியத்திற்காகக் கலகம் செய்தது. 1758இல் ஐதர் அங்குச் சென்று, கணக்குகளை ஆய்ந்து, நிலுவையைத் தீர்த்து அமைதி நிறுவினார். அரசரும் தளவாயும் செய்ய இயலாததை அவர் செய்தார். படைவீரர் யாருடைய சொல்லை நம்புவர் என்பது அன்றே புலப்பட்டது. ஐதரின் எழுச்சிக்குப் போர்வெற்றிகளைவிட இந்நிகழ்வே திருப்புமுனை எனக் கருதலாம்.

ஒழுங்கின் மறுபக்கம்

இவ்வமைப்பின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. காயமுற்ற வீரருக்கு அரசு வழங்கிய உதவித்தொகையைப் பெற, உடல்நலம் உடையோர்க்கும் மஞ்சள் தோய்த்த துணியால் கட்டிட்டு ஐதர் தணிக்கையாளர்க்குக் காட்டினார் என்றும், படைக் கணக்கெடுப்பில் ஆள்தொகையை மிகுத்துக் காட்டினார் என்றும் வில்க்ஸ் எழுதுகிறார். பகைவர் கூற்றாயினும், தலைமை நிலையத்திற்குத் தொலைவிலிருக்கும் கிளை எவ்வாறு கணக்கைத் திரிக்கக்கூடும் என்பதற்கு இது விளக்கமாகிறது. கொள்ளைப் பங்கீடு வீரர்க்கு ஊக்கமளித்தது உண்மை. அவ்வூக்கத்தின் விலையைக் கொடுத்தவர்கள் கால்நடையையும் தானியத்தையும் இழந்த சமவெளி உழவர்கள்.

பொய்க்கணக்கில் பயின்ற கை பின்னர்த் தலைவனையே தாக்கியது. 1760இல் காண்டே ராவ் அரசகுடும்பத்துடன் இணைந்து ஐதருக்கு எதிராகத் திரும்பினார். படையின் பெரும்பகுதி புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சியர்க்குத் துணையாகச் சென்றிருந்த வேளை அது. ஐதர் குடும்பத்தைக் கைவிட்டு இரவோடிரவாகப் பெங்களூருக்குத் தப்பினார். அங்கே அவரைத் தாங்கியது வணிகர் தந்த கடன். 1761இல் அதிகாரத்தை மீட்ட ஐதர், காண்டே ராவைக் கூண்டிலடைத்தார். ஆயினும் எல்லாக் கணக்கையும் ஒருவரிடமே ஒப்படைத்தது தம் பிழை என்பதைக் கூண்டு மாற்றிவிடாது.

பிற்கால வாழ்வு

1769இல் சென்னையின் வாயிலில் நின்று ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்ததும், 1780இல் பொள்ளிலூரில் பெற்ற வெற்றியும், 1781இல் பரங்கிப்பேட்டையில் அடைந்த தோல்வியும் பலரும் அறிந்தவை. சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார்க்குத் திண்டுக்கல் பகுதியில் புகலிடம் கிடைத்தது ஐதரின் ஆதரவினாலேயே. 1782 டிசம்பர் 7இல் சித்தூர் அருகே ஐதர் இறந்தார். மலபாரிலிருந்த திப்பு வந்து சேரும்வரை இறப்பு மறைக்கப்பட்டது. தலைவன் இல்லாத நாள்களிலும் படை குலையாது நின்றமை, அவர் கட்டிய அமைப்பு அவரினும் நெடிது வாழக்கூடியதாக இருந்ததைக் காட்டுகிறது.

முடிவுரை

தொழில் நடத்துவோர் ஐதரின் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கன மூன்று: ஆக்கும் திறனைத் தம்மிடம் வளர்த்தல், ஊதியத்தைக் காலத்தில் தருதல், இடருக்குமுன் நம்பகத்தைச் சேமித்தல். தள்ளத்தக்கன இரண்டு: பிறர் இழப்பில் ஊக்கத்தொகை வழங்குதல், கணக்கை ஒருவர் கையில் தணிக்கையின்றி விடுதல். போர் வாழ்க்கைகளை நிருவாகப் பாடமாக்கும் ஆய்வுகள் முன்னவற்றை மட்டும் எடுத்துரைத்துப் பின்னவற்றை விடுமாயின், அவை பாதி வரலாற்றையே கற்பிக்கும். பூட்டும் தோலும் புகையிலையும் வணிகமாகும் இன்றைய திண்டுக்கல்லில் ஒரு சிறுபட்டறை உரிமையாளர்க்கும் இது பொருந்தும். வாரக் கூலி தவறாமல் கிடைக்கும் பட்டறையிலேயே தொழிலாளர் நிலைத்திருப்பர் என்பதை விளக்க வேறு போர்க்களம் தேடவேண்டியதில்லை.