பார்வையிழந்த ஒயிலரும் பத்து இலக்க எண்ணும்

2,147,483,647 என்னும் எண்ணைக் கணினித் துறையினர் நன்கறிவர். பழைய கணினிகள் பல, செக்கன்களாக நேரத்தைக் கணக்கிடுகையில் இவ்வெண்ணுக்கு அப்பால் எண்ண இயலாதவை. 2038 ஜனவரி 19ஆம் திகதி அவை தடுமாறக்கூடும் என்று எச்சரிக்கப்படுவது அதனாலேயே. ஆயினும் இவ்வெண்ணின் பெருமை கணினிக்கு மிக முந்தியது. 1772ஆம் ஆண்டில், பார்வையை ஏறக்குறைய முற்றாக இழந்திருந்த முதியவர் ஒருவர் இது ஒரு முதன்மை எண் என நிறுவினார். அவர்தான் லியோனார்ட் ஒயிலர்.

1707இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த ஒயிலர், தந்தையின் வழியைவிட்டுக் கணிதத்தை நாடி, இருபது வயதில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் சென்றார். முதன்மை எண் எனப் பேர்மா நம்பிய 4,294,967,297ஐ 641 மீதியின்றி வகுக்கும் என்பதை அங்குதான் அவர் கண்டார். பெரும் பெயர்கள் சொன்னதற்காக எதையும் ஏற்காத இயல்பு அப்போதே அவரிடம் இருந்தது. முப்பதுகளின் தொடக்கத்தில் வலக்கண் பார்வை போயிற்று. 1741இல் பேர்லினுக்கு அழைத்த பிரஷ்ய மன்னர் பிரெடரிக், பின்னர் அந்த ஒற்றைக் கண்ணையே கேலி செய்தார். அரசர்களின் இரசனை அத்தகையது போலும்.

1766இல் ரஷ்யா திரும்பியதும் மற்றைய கண்ணையும் கண்புரை மறைத்தது. 1771இல் வீடு தீக்கிரையாயிற்று. அதே ஆண்டில் செய்த சத்திரசிகிச்சையும் நிலைத்த பலன் தரவில்லை. இவற்றுக்கு மறு ஆண்டே நாம் மேலே கூறிய கணிப்பு வெளிப்பட்டது.

ஓர் எண் முதன்மை எண்ணா என அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது வழமை. இங்கு வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டும். அதுவரை ஏறத்தாழ 4,800 முதன்மை எண்கள் உள்ளன. கண்ணுள்ளவரும் சலிப்படையும் வேலை. ஒயிலர் வேறு வழியில் சிந்தித்தார். இரண்டின் 31ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது இவ்வெண். அதனால் இதற்கு முதன்மைக் காரணி ஏதும் இருப்பின், அதனை 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மட்டுமே மீதியாக வரவேண்டும் என்று அவர் கண்டார். ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் எண்பது சொச்சமாகக் குறைந்தன. அவற்றுள் ஒன்றேனும் மீதியின்றி வகுக்கவில்லை.

இதனால் நிறைவெண் ஒன்றும் கிட்டியது. தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை தானாகவே அமையும் எண் நிறைவெண்ணாகும். 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 6 இதற்கு உதாரணம். யூக்கிளிட் காட்டிய விதிப்படி ஒயிலரின் எண் தரும் நிறைவெண் 19 இலக்கங்களைக் கொண்டது: 2,305,843,008,139,952,128. இரட்டை நிறைவெண்கள் யாவும் அவ்விதிக்குள் அடங்குமா என்ற வினாவை, பஸ்றாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பி, நிறுவ முயன்றிருந்தார். அவரால் முடியாததை ஒயிலர் நிறுவி முடித்தார். 1783 செப்டெம்பர் 18ஆம் திகதி அவர் காலமானபோது அந்நிறுவல் அச்சேறியிருக்கவில்லை. 1849இலேயே அது வெளியானது.